இரண்டுங்கெட்டான் கை

டைமன் ஏஸ். கிளாவர் ஜாக்கி.
வீசி எறிய மனமில்லை,
தூக்கிக் கொஞ்சவும் தைரியமில்லை.

எல்கோ, நெவாடா. ஜனவரி இரவு.
நெடுஞ்சாலையில் உப்புத் தூவும் வண்டி
உறுமிக்கொண்டு போகிறது.
ஆறாம் மேசையில்
பதினைந்து டாலரை முதலில் உள்ளே தள்ளியவள் நான்தான்.
எல்லோரும் மடக்கினார்கள்,
ஆரின் ஹாஸ்லம் ஒருவரைத் தவிர.
ஐம்பது.
வாயைத் திறந்து சொல்லக்கூட இல்லை,
பச்சை வில்லை இரண்டைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்தார்.

இன்னும் முப்பத்தைந்து போட்டால் ஆட்டத்தில் இருக்கலாம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.
சரி, அளக்கிறேன்.
நடுவில் கிடப்பது அறுபத்தாறு.
மூன்று தடவைக்கு ஒரு தடவை,
அதற்கும் ஒரு நூல் மேலே ஜெயித்தால்
கைக்காசு கரையாது.
என்னிடம் ஓர் ஏஸ் இருப்பதால்
அவரிடம் ஏஸ் ஜோடி இருக்கும் வழிகள்
ஆறிலிருந்து மூன்றாகின்றன.
இனி விழும் ஒவ்வொரு சீட்டுக்கும்
முதலில் பேசவேண்டியவரும் அவர்.
இதுவரை தராசு என் பக்கம்.

தராசுக்கு ஆரினைத் தெரியாது.
நாற்பது வருஷம் மாடுகளின் சூட்டுக்குறியைச் சரிபார்த்தவர்.
ரோமம் மூடிய தழும்பைத் தடவியே
எந்தப் பண்ணை என்று சொல்லிவிடுவார்.
இன்று மூன்று மணி நேரத்தில் இரண்டே முறை
இப்படித் திருப்பி ஏற்றினார்.
இரண்டு முறையும் ராஜா ஜோடி.
ஒன்றை அவர் காட்டினார்.
மற்றது நானாக நினைத்துக்கொண்டது.

கை நடுங்குகிறது.
நல்ல சீட்டு வந்தால் கை நடுங்கும்,
மேசையில் எல்லோருக்கும் தெரிந்த பாடம்.
ஆனால் போன பனிக்காலத்திலிருந்து
காப்பிக் கோப்பையை எடுக்கும்போதும்
இதே நடுக்கம்தான் அவருக்கு.
இதற்கு நான் என்ன விலை போடுவது?

இருபது நிமிஷத்துக்கு முன்
பென்யாத்தின் இரண்டு நாலு
அவருடைய ராணி ஜோடியைத் தின்றது.
அந்தக் கோபமாகவும் இருக்கலாம்.
அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை,
அதனால் எப்படி இருக்கும் என்றும் தெரியாது.

பகலில் தங்கச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறேன்.
முதுகில் இருநூறு டன்னுக்கு மேல் கல்.
தங்கக் கல்லும் வெறுங்கல்லும்
கண்ணுக்கு ஒரே சாம்பல்தான்.
ஆலைக்கா, குப்பைமேட்டுக்கா,
திரையில் அம்புக்குறி வரும், திருப்புவேன்.
இரண்டுங்கெட்டான் கல்லுக்குத் தனியாக ஒரு மேடு உண்டு:
தங்கம் விலை ஏறும்வரை அங்கேயே கிடக்கும்,
பத்து வருஷமானாலும்.

இங்கே அப்படிக் கிடத்திவைக்க இடமில்லை.
திருப்பி அடிக்கலாம், நூற்றைம்பது என்று.
அது வீரம் மாதிரி தெரியும்.
என் சந்தேகத்தைத் தூக்கி
அவர் மடியில் போடுவது, அவ்வளவுதான்.

டெல்ஃபினா கட்டின்மேல் விரல் வைத்துக் காத்திருக்கிறாள்.
அவசரப்படுத்தமாட்டாள்.
மூச்சு மட்டும் கொஞ்சம் நீளமாகிறது.

ஏஸ் விழவேண்டும் என்று வேண்டிக்கொள்ள வைத்து
விழுந்த பிறகு பயப்படவும் வைக்கிற கை இது.
அவரிடமும் ஓர் ஏஸ், துணைக்கு ராஜா என்றால்
எனக்கு வந்த அதிர்ஷ்டமே
என்னை வழித்துத் துடைத்துவிடும்.

"மடக்கினால் காட்டுவீர்களா?"
"ஒன்று மட்டும். எதுவென்று நீயே சொல், மைத்தே."

மடக்கினேன்.
இடது பக்கம், என்றேன்.

ஸ்பேடு ஏஸ்.

மேசையே 'அப்பாடா' என்றது,
ஏதோ தெரிந்துவிட்டதைப்போல.
பென்யாத் முதுகில் தட்டினான்.
நானும் தலையாட்டிவைத்தேன்.
பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது ராஜாவாக இருக்கலாம்.
ஒன்றுக்கும் உதவாத ஓர் ஐந்தாகவும் இருக்கலாம்.
டெல்ஃபினாவின் உள்ளங்கை வந்து
இரண்டையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது.

ஆரின் வில்லைகளை அடுக்கத் தொடங்கினார்.
கையைப் பார்த்தேன், நடுங்குகிறதா என்று.
பார்த்து முடிப்பதற்குள்
அடுத்த சீட்டு என்முன் வந்து விழுந்தது:
ஏழு, இரண்டு. வேறு வேறு நிறம்.
யோசிக்க ஒன்றுமே இல்லாத கை.
என் முறை வந்தும்
அதைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.